சிங்கப்பூரை விட்டுப் புறப்படும் முன்: கடைசி இரண்டு நாள் சாப்பாடும் விடைபெறுதலும்

ஊரிலிருந்து வந்து இரண்டு மூன்று வாரம் எங்கள் வீட்டில் தங்கித் திரும்பும் உறவினர்களைப் பல ஆண்டுகளாக வழியனுப்பி வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: கடைசி நாள் முழுவதையும் கடைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். முஸ்தபா பேரங்காடியில் இரவு வெகுநேரம் வரை சுற்றிவிட்டு, காலையில் பெட்டியை மூன்று முறை நிறுத்துப் பார்த்து, பாதிப் பொருளை எடுத்து மறுபடி அடுக்கி, டாக்சியில் ஏறிய பிறகுதான் லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடல்ஸைச் சாப்பிடவே இல்லை என்பதும், எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை என்பதும் நினைவுக்கு வருகின்றன. வாங்க வேண்டியவற்றைப் புறப்படும் நாளுக்கு மூன்று நாள் முன்பே வாங்கி முடித்து, எஞ்சிய இரண்டு நாளையும் நாவுக்கும் மனிதர்களுக்கும் ஒதுக்குங்கள் என்பதே நான் எல்லாரிடமும் சொல்வது. அப்படி ஒதுக்கியவர்கள் என்ன செய்யலாம் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. விமானம் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்குங்கள். சாங்கி விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்பே இருப்பது நல்லது. ஜூரோங்கிலிருந்தோ உட்லண்ட்ஸிலிருந்தோ பெருவிரைவு ரயிலில் வருபவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்காம் முனையத்துக்கு ரயில் நேரடியாகப் போவதில்லை என்பதால், அங்கிருந்து பறப்பவர்கள் இணைப்புப் பேருந்துக்கான நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இரவு விமானமானால் கடைசி முழுச்சாப்பாடு அன்றைய மதியமே முடிந்துவிட வேண்டும். மிகக் காரமானதையும் கை நிறையப் பிசைந்து உண்ணும் கனமானதையும் அதற்கும் முந்தின நாளுக்குத் தள்ளுங்கள். மீன் தலைக் கறியை ஒரு பிடி பிடித்துவிட்டு நான்கு மணி நேரம் குறுகிய இருக்கையில் உட்கார்ந்து சென்னைக்குப் பறந்த என் மைத்துனர் அந்தப் பயணத்தைப் பற்றி இன்றுவரை வாய் திறப்பதில்லை.

பல சிறு உணவுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடி நிலையங்களை நம்பித் திட்டமிடுபவர்கள் இரண்டு செய்திகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். நிலையம் முழுவதையும் துப்புரவுப் பணிக்காக அவ்வப்போது சில நாள் மூடுவார்கள். நிலையம் திறந்திருந்தாலும் நீங்கள் தேடிப் போகும் கடைக்கு அன்று ஓய்வு நாளாக இருக்கலாம். திங்கட்கிழமைகளில் இது அடிக்கடி நடக்கும். பெயர்பெற்ற கடைகளில் மதியம் இரண்டு மணிக்குள் பாத்திரம் காலியாகிவிடுவதும் உண்டு.

எதைச் சாப்பிடுவது

எல்லாவற்றையும் ருசித்துவிட வேண்டும் என்ற பேராசையை முதலில் விடுங்கள். ஊரில் கிடைக்காதது எது, நம்முடையதாக இருந்தும் இங்கு வந்து உருமாறியது எது என்ற இரண்டு கேள்விகளை வைத்துத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் தானாகச் சுருங்கும். இட்லியையும் தோசையையும் இங்கே நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் அவை உங்கள் தட்டில் இருக்கும் அல்லவா?

இரண்டு காலைகளில் ஒன்றைக் காப்பிக்கடைக்குக் கொடுங்கள். காயா என்பது தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை ஆகியவற்றைப் பாண்டான் இலை மணத்தோடு நிதானமாகக் கிளறி எடுக்கும் ஒரு பசை. அதையும் தடித்த வெண்ணெய்த் துண்டையும் சுட்ட ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பார்கள். கூடவே வரும் அரைவேக்காட்டு முட்டையில் கறுப்பு சோயாச் சாற்றையும் வெள்ளை மிளகுத்தூளையும் விட்டுக் கலக்கி, ரொட்டியை அதில் தோய்த்து உண்பதுதான் இங்குள்ள வழக்கம். அந்த முட்டையைக் கண்டு முகம் சுளிக்கும் உறவினர்களை நான் வற்புறுத்துவதில்லை. ரொட்டியும் கோப்பியுமே போதும். முட்டையே உண்ணாதவர்கள், காயாவுக்குள்ளும் முட்டை இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

கோப்பி என்று நாங்கள் சொல்வது நம் வடிகட்டிக் காப்பி அன்று. கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெய் வகைக் கொழுப்பும் சேர்த்துக் கருக வறுத்து, தூளை நீண்ட துணிப்பையில் இட்டு, வெந்நீர் ஊற்றி இறக்குவார்கள். வெறுமனே கோப்பி என்று கேட்டால் கெட்டிப்பாலின் இனிப்போடு வரும். கோப்பி ஓ என்றால் பால் இல்லாமல் சர்க்கரையுடன். கோப்பி சி என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும் சேர்ந்து. சர்க்கரை கூடாதவர்கள் கடைசியில் ‘கோசோங்’ என்ற மலாய்ச் சொல்லைச் சேர்க்க வேண்டும். இனிப்பு குறைவாக வேண்டுபவர்கள் ‘சியூ டாய்’ என்றும், பனிக்கட்டி வேண்டுபவர்கள் ‘பெங்’ என்றும் சொல்லலாம். மூன்று வாரமாக மருமகளோ தம்பியோ வாங்கிக் கொடுத்ததைக் குடித்தவர்கள், கடைசிக் காலையிலாவது தாமே போய் நின்று ‘கோப்பி சி கோசோங்’ என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைக்காரர் மறுபேச்சின்றி ஊற்றித் தரும்போது ஒரு சின்னப் பெருமிதம் வரும். உணவங்காடிகளில் ஒரு கோப்பி பெரும்பாலும் இரண்டு வெள்ளிக்குள் (வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர்) முடிந்துவிடும் என்பதால், பையில் சேர்ந்து கிடக்கும் சில்லறைக் காசுகளைத் தீர்க்கவும் இதுவே நல்ல வழி. ஊர்ப் பணமாற்றுக்காரர்கள் நோட்டை வாங்குவார்கள், காசுகளை வாங்கமாட்டார்கள்.

மற்றொரு காலை தேக்காவுக்கு. சிராங்கூன் சாலையும் பஃபலோ ரோடும் கூடும் இடத்தில் இருக்கும் தேக்கா நிலையத்தின் தரைத்தளத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடியும் அடுத்தடுத்து இருக்கின்றன. தேக்கா என்ற பெயர் தமிழ் அன்று. சின்ன மூங்கில்களின் அடிவாரம் என்று பொருள்படும் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழித் தொடரிலிருந்து வந்தது. ஆனாலும் அங்கே காதில் விழும் பேச்சில் பாதி தமிழ்தான். நம் பரோட்டாவின் தங்கையான ரொட்டி பிராட்டாவை அங்கே மொறுமொறுவென்று தட்டி, பருப்புக் குழம்போ மீன் குழம்போ ஊற்றித் தருவார்கள். கோசோங் என்ற அதே சொல் இங்கே உள்ளே எதுவும் வைக்காத வெறும் பிராட்டாவைக் குறிக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேக்காவில் நான் விருந்தினர்களை நிறுத்தி வைத்துக் காட்டுபவை இரண்டு. ஒன்று மீ கோரெங்: சீனர்களின் மஞ்சள் நூடல்ஸைத் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் மிளகாய் விழுதும் தக்காளிச் சாறும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சிவக்க வறுத்தெடுப்பது. மற்றொன்று இந்திய ரோஜாக்: கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும் மாவுப் பலகாரங்கள், இறால் வடை, உருளைக்கிழங்கு, டோஃபு ஆகியவற்றில் நீங்கள் காட்டுவதை எடுத்து, மறுபடி பொரித்து, துண்டுதுண்டாக நறுக்கி, இனிப்பும் காரமும் கலந்த செந்நிறச் சாற்றோடு தருவார்கள். பெயரில் இந்தியா என்று இருந்தாலும் ஊரில் எந்தக் கடையிலும் இதைக் காண முடியாது. இந்த இரண்டையும் உண்ணாமல் புறப்படுபவர்கள், கடல் கடந்து வந்த நம் மக்கள் இங்கே என்ன சமைத்தார்கள் என்பதை அறியாமலே போகிறார்கள் என்பது என் கருத்து.

நம் இடியாப்பம் இங்கே ‘புட்டு மாயாம்’ என்ற பெயரில் தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் தூவி இனிப்புப் பண்டமாக விற்கப்படுகிறது. மலாய்க்காரர்களின் ‘புட்டு பிரிங்’ நம் புட்டுக்கு நெருங்கிய உறவு. வட்ட அச்சில் அரிசி மாவை ஆவியில் வேகவைத்து, நடுவில் குலா மெலாக்கா எனப்படும் தென்னங்கருப்பட்டியை உருகவிட்டிருப்பார்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு இவற்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

கனமான உணவுகளில் மீன் தலைக் கறிக்கே நான் முதலிடம் தருவேன். 1940களின் பிற்பகுதியில் இங்கு உணவகம் நடத்திய, கேரளத்தைச் சேர்ந்த கோமஸ் என்பவர் இதைத் தொடங்கிவைத்ததாகப் பரவலாகச் சொல்கிறார்கள். மீன் தலையைச் சீனர்கள் விரும்பி உண்பதைக் கண்டு, அதை நம் புளிக்குழம்பில் வெண்டைக்காய், கத்தரிக்காய் ஆகியவற்றோடு இட்டிருக்கிறார். ரேஸ் கோர்ஸ் சாலை உணவகங்களில் வாழையிலையோடு இது கிடைக்கும். நான்கு பேராவது சேர்ந்து போனால்தான் ஒரு தலையை முடிக்க இயலும் என்பதால், புறப்படும் நாளுக்கு முந்தின மதியத்தில் வீட்டார் அனைவரோடும் உண்ண ஏற்றது. கன்னத்துச் சதையை யாருக்குத் தருகிறீர்கள் என்பதை எல்லாரும் கவனிப்பார்கள். வீட்டின் மூத்தவருக்குத் தந்துவிடுங்கள். எலும்பின் உட்சாற்றை உறிஞ்சி உண்ணும் சூப் துலாங் விரும்புகிறவர்கள் வெள்ளைச் சட்டை அணிந்து போக வேண்டாம். அதன் செந்நிறம் இரண்டு சலவைக்கும் போகாது.

சீன, மலாய் உணவுகளில் ஹைனானியக் கோழிச் சோறு, சாத்தே, லக்சா மூன்றும் போதும். குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியான சாத்தேக்கு மாலை ஏழு மணிக்கு மேல் லாவ் பா சாட் உணவங்காடியை ஒட்டிய பூன் டாட் தெருவுக்குப் போனால், வாகனங்களை நிறுத்திவிட்டுத் தெருவையே உணவுக்கூடமாக்கியிருப்பதைக் காணலாம். ஹலால் தேவைப்படுபவர்கள் கடைப்பலகையில் சான்றிதழைப் பார்த்துக்கொள்ளுங்கள். சைவர்கள் கவனமாக இருக்க வேண்டியது லக்சாவிடம்தான். மேலே மிதக்கும் இறாலை எடுத்துவிட்டாலும் அதன் குழம்பே காய்ந்த இறாலை அரைத்துச் செய்தது. அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, காப்பிக்கடைகளில் காலையில் திறக்கும் சீனச் சைவக் கடைகளின் பீஹூன் எனப்படும் அரிசிச் சேமியா, பிறகு சென்டோல். பாண்டான் மணக்கும் பச்சை நிறச் சேமியா, தேங்காய்ப்பால், குலா மெலாக்கா, துருவிய பனிக்கட்டி ஆகியவை சேர்ந்த அந்தக் கிண்ணத்தில் அசைவம் எதுவும் இல்லை.

உட்கார்ந்து உண்ணும் இடத்தின் ஒழுங்கு இரண்டே. மேசை மேல் யாரும் இல்லாமல் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அந்த இடம் யாரோ பிடித்து வைத்தது. என் பெரியப்பா அதை இலவசம் என்று எண்ணிப் பிரித்துக் கை துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உரியவர் தட்டோடு வந்து நின்றார். உண்டு முடித்ததும் தட்டை நீங்களே திரும்ப வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் இது கட்டாயம். முதல் முறை எச்சரிக்கை, மீண்டும் செய்தால் 300 வெள்ளி அபராதம். இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் தட்டை எடுத்து வைக்கும் பழக்கம் எங்களுக்கும் அபராதம் வந்த பிறகுதான் முழுமையாக வந்தது.

யார் பணம் கொடுப்பது, யார் உட்காருவது

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேளையாவது நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும், அவர்களோ விடமாட்டார்கள். உணவங்காடியில் இதற்கு ஓர் எளிய உத்தி உண்டு. அங்கே ஒவ்வொரு கடையிலும் உணவை வாங்கும்போதே பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். எனவே ‘நீங்கள் இடம் பிடித்து வையுங்கள்’ என்று அவர்களை மேசையில் அமர்த்திவிட்டு, நீங்கள் வரிசைக்குப் போய்விடுங்கள். உணவகத்துக்கு அழைத்துப் போகிறீர்கள் என்றால், பட்டியலில் உள்ள விலையோடு பெரும்பாலும் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அந்தத் தொகையின் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். 100 வெள்ளிக்கு உண்டால் 119 வெள்ளி 90 காசு கையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் அன்பளிப்பு வைக்கும் வழக்கம் இங்கே இல்லை.

வெளியே உண்பது எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும், கடைசி இரவுச் சாப்பாடு வீட்டில் இருக்கட்டும். அதில் ஒரு நிபந்தனை: இத்தனை நாளும் உங்களுக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியாக உண்ட அந்த வீட்டுப் பெண்மணி அன்றைக்கு உங்களோடு ஒரே பந்தியில் அமர வேண்டும். பாத்திரங்களை மேசை நடுவில் வைத்துவிட்டால் யாரும் நின்று பரிமாற வேண்டியதில்லை. முடிந்தால் ஒரு குழம்பையாவது நீங்கள் வையுங்கள். வைத்தவரே அடுப்படியைத் துடைத்தும் கொடுங்கள். அந்த மேசையில்தான் விடைபெறுதலும் நடக்க வேண்டும் என்பேன். உறவினருக்குள் நன்றி என்ற சொல்லைச் சொன்னால் அந்நியமாக ஒலிக்கும். அதற்குப் பதிலாக, காய்ச்சல் வந்த அன்று வைத்துக் கொடுத்த மிளகு ரசத்தை, வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் கூட்டிப் போனதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். விமான நிலையத்தில் பெட்டிகளுக்கும் அறிவிப்புகளுக்கும் நடுவே இவற்றைச் சொல்ல வாய் வராது. சொன்னாலும் கேட்பவர் காதில் ஏறாது.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் முந்தின இரவே சொல்லிக்கொள்ளுங்கள். காலை ஏழரைக்கெல்லாம் பள்ளி தொடங்கிவிடுகிறது என்பதால், நீங்கள் எழுவதற்கு முன் அவர்கள் போய்விட்டிருப்பார்கள். கையில் பணம் வைப்பதாக இருந்தால் உறையில் இட்டுக் கொடுங்கள். பணத்தை உறையில் இட்டுக் கொடுக்கும் சீனர்களின் அங்பாவ் வழக்கம் எங்களுக்கும் தொற்றிவிட்டது. வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருக்குக் கொடுக்க நினைப்பதை வீட்டம்மாவிடம் கொடுத்தனுப்பாமல் அவர் கையிலேயே கொடுத்து, அவர் மொழியில் இரண்டு சொல் கேட்டு வைத்துக்கொண்டு சொல்லுங்கள். வீட்டுப் பெரியவருக்குப் பழமும் வெற்றிலைபாக்கும் பஃபலோ ரோட்டிலேயே கிடைக்கும்.

உங்கள் ஊர்க்காரர் யாரேனும் இங்கே கட்டுமானத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை பார்த்தால் அவரை ஞாயிற்றுக்கிழமையில் பார்த்துவிடுங்கள். அவர்களில் பலருக்கு அன்று ஒரு நாள்தான் ஓய்வு. லிட்டில் இந்தியாவில் கூடுவதும் அன்றுதான். டீ வாங்கிக் கொடுத்து ஊர்ச் செய்தி சொல்லுங்கள். வீட்டுக்கு அவர் ஏதாவது கொடுத்தனுப்பினால் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். அது அவநம்பிக்கை ஆகாது, பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நகையாக இருந்தால் சுங்கச் சிக்கலைச் சொல்லிப் பணிவோடு மறுத்துவிடலாம்.

புறப்படும் நேரம் ராகு காலத்தில் விழுகிறதென்று பெரியவர்கள் கலங்கினால், நல்ல நேரத்தில் ஒரு சிறு பையை அடுத்த வீட்டில் கொண்டு வைத்துப் பிரஸ்தானம் செய்துவிடலாம். எங்கள் மாடியில் மலாய்க்கார அம்மா ஒருவர் இதற்காகவே வாசலைத் திறந்து வைக்கிறார். என்ன, ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவரிடம் பையைத் திரும்ப வாங்கும்போதே சொல்லிக்கொண்டும் வந்துவிடலாம்.

விமான நிலையத்தில்

காயா, சம்பால் என்ற மிளகாய் விழுது, அச்சார் என்ற ஊறுகாய் போன்ற குழைவும் நீருமான எதையும் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லிக்கு மேற்பட்டவற்றைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். போத்தலைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, துணிகளுக்கு நடுவே பெரிய பெட்டியில் வையுங்கள். கோப்பித்தூளும் குலா மெலாக்காவும் எடுத்துப் போக எளியவை. டுரியான் வேண்டவே வேண்டாம்; ரயிலிலேயே அதற்கு இடம் இல்லை. ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கி வரியைத் திரும்பப் பெற விரும்புபவர்கள், பொருள் பெரிய பெட்டிக்குள் போவதாக இருந்தால், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே தானியக்க இயந்திரத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

2019இல் திறந்த ஜுவல் என்ற விமான நிலையக் கடைத்தொகுதி, குடிநுழைவுச் சோதனைக்கு முன்னாலேயே இருப்பதால் வழியனுப்ப வந்தவர்களும் உங்களோடு அங்கே அமரலாம். 40 மீட்டர் உயரத்திலிருந்து கூரை நடுவே விழும் அருவியைப் பார்த்தபடி ஒரு கோப்பியை இருவராகக் குடிப்பதற்கு அது நல்ல இடம். விருந்துண்ண நல்ல இடம் அன்று, விலையும் அப்படி, கூட்டமும் அப்படி. முதலில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு வந்து உட்காருங்கள். உள்ளே போவதற்கு ஒரு நேரத்தை முன்பே சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் எழுந்துவிடுங்கள். வழியனுப்ப வந்தவர்களுக்கு மறுநாள் வேலை இருக்கும். ஒரு முறை திரும்பிப் பார்த்துக் கையசைத்தால் போதும், வரிசை நெடுகிலும் திரும்பிக்கொண்டே போனால் பின்னால் வருபவரின் தள்ளுவண்டி காலில் ஏறும்.

இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் சென்னையில் பத்தரை மணி வாக்கில் இறங்குவீர்கள். அப்போது இங்கே ஒரு மணி ஆகியிருக்கும். உங்களைக் கொண்டுவந்து விட்டவர் வீடு திரும்பிக் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழித்திருப்பார். ஊருக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு விரிவாகப் பேசலாம் என்று தள்ளிவைக்காமல், விமானம் தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘இறங்கிவிட்டோம்’ என்று ஒரு செய்தியை அனுப்பிவிடுங்கள். காயா போத்தல் உடையாமல் வந்து சேர்ந்ததா என்பதை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம்.